எஃப் 8-இல் 20 விநாடியா, எஃப் 16-இல் 80 விநாடியா?

இருட்டறை வேலை, அதாவது ஃபிலிமிலிருந்து பேப்பரில் படம் போடும் வேலை, பழக என் வீட்டுக்கு வரும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணா, எஃப் 8-ல 20 விநாடி, எஃப் 16-ல 80 விநாடி, ரெண்டுலயும் பேப்பர்ல விழற வெளிச்சம் ஒண்ணுதானே? அப்புறம் எதை வச்சா என்ன?"

கணக்கு சரிதான். அப்பர்ச்சர் என்பது என்லார்ஜர் (நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக விழவைக்கும் கருவி) லென்ஸின் திறப்பு, எஃப் எண் கூடக்கூட அது சிறிதாகும். அதை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, மூடினால் வெளிச்சம் பாதியாகிறது, நேரத்தை இரட்டிப்பாக்கினால் ஈடாகிவிடுகிறது. ஆனால் வெளிச்சம் ஒன்றாக இருப்பதால் பிரிண்டும் ஒன்றாக வந்துவிடாது. இதை வாயால் விளக்குவதைவிடப் போட்டே காட்டிவிடலாம் என்று, அன்று ராத்திரி ஒரே நெகட்டிவை ஆறு விதமாகப் பிரிண்ட் போட்டோம்.

நெகட்டிவ், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் எடுத்தது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கும் ஓர் அம்மா, பின்னால் படகுகள், அதற்கும் பின்னால் வெளுத்துப்போன வானம். முகம் நிழலில் இருக்கிறது. மூக்குத்தியில் மட்டும் ஒரு புள்ளி வெளிச்சம். 35 மி.மீ. ஃபிலிம், 8க்கு 10 பேப்பர், அதாவது ஏறக்குறைய 8 மடங்கு பெரிதாக்கல். லென்ஸ், ஆறு கண்ணாடிகள் கொண்ட 50 மி.மீ. எஃப் 2.8 காம்போனான். இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஆர்சி பேப்பர் (பிளாஸ்டிக் பூசிய தாள்), இரண்டரை கிரேடு ஃபில்டர் (கான்டிராஸ்டை, அதாவது கறுப்பு-வெளுப்பு வேறுபாட்டை, முடிவு செய்வது). எஃப் 8-இல் 20 விநாடி சரியாக வந்தது. அதை வைத்து மற்ற ஐந்தும்: எஃப் 2.8-க்கு இரண்டரை விநாடி, எஃப் 4-க்கு 5, எஃப் 5.6-க்கு 10, எஃப் 11-க்கு 40, எஃப் 16-க்கு 80.

முழுதாகத் திறந்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். எஃப் 2.8 பிரிண்டில் நடு நன்றாகவே இருந்தது. மூலைகள் வெளிறிப்போயின. முழுதாகத் திறந்த லென்ஸ் நடுவுக்குக் கொடுக்கும் வெளிச்சத்தை மூலைக்குக் கொடுப்பதில்லை. கேமராவில் இதே குறை மூலையைக் கறுப்பாக்கும், என்லார்ஜரில் வெளுப்பாக்கும். வானம் ஏற்கெனவே வெளுப்பு என்பதால் இரண்டு மேல் மூலைகளும் காணாமலே போய்விட்டன. வலது ஓரத்துப் படகின் கயிற்றில் கிரெயினும் (ஃபிலிமின் மணிமணியான துகள்கள்) கலங்கியிருந்தது. லென்ஸ் ஒரு காரணம், நெகட்டிவ் தட்டையாக இல்லாதது இன்னொரு காரணம். கண்ணாடி இல்லாத கேரியரில் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டத்தில்) ஃபிலிம் லேசாக வளைந்துதான் உட்காரும். பிரிண்டில் 0.2 மி.மீ. வரை கலங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்று வைத்தால், 8 மடங்குக்கு எஃப் 2.8-இல் நெகட்டிவ் மேலும் கீழும் வெறும் 0.08 மி.மீ. நகரலாம். எஃப் 8-இல் 0.22 மி.மீ. வரை நகரலாம். வளைந்த ஃபிலிமுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் திறந்த பக்கத்தின் பெரிய சிக்கல் கூர்மை அல்ல, நேரம். இந்த முகத்தை நான் மொத்த நேரத்தில் கால்பங்கு டாட்ஜ் செய்தாக வேண்டும், அதாவது அவ்வளவு நேரம் அதன் மேல் வெளிச்சம் விழாமல் மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்கள் கறுப்பில் மூழ்கிவிடும். 20 விநாடியில் கால்பங்கு 5 விநாடி. கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டை முகத்தின் மேல் ஆட்டிக்கொண்டே எடுத்துவிடலாம். இரண்டரை விநாடியில் கால்பங்கு அரை விநாடிக்குக் கொஞ்சம் கூடுதல். கையைக் கொண்டுபோவதற்குள் விளக்கு அணைந்துவிடும். பல்பும் போட்டவுடன் முழு வெளிச்சத்துக்கு வந்துவிடுவதில்லை, இழை சூடேற ஒரு கணம் பிடிக்கிறது. 20 விநாடியில் அது ஒன்றுமில்லை. இரண்டரை விநாடியில் ஒவ்வொரு பிரிண்டும் ஒவ்வொரு மாதிரி வர அது போதும். எஃப் 4, 5 விநாடி கொஞ்சம் மேல். இருந்தாலும் என் கைக்கு அதுவும் பற்றவில்லை.

இனி மூடிய பக்கம். "அப்பர்ச்சரை மூடினால் கூர்மை கூடும்" என்பதை நம்மில் பலர் கேமராவிலிருந்து இருட்டறைக்குக் கொண்டுவருகிறோம். தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தார், எஃப் 16 பிரிண்ட்தான் ஜெயிக்கும் என்றார். காய்ந்த பிறகு பூதக்கண்ணாடியைக் கொடுத்து மூக்குத்தியைப் பார்க்கச் சொன்னேன். எஃப் 8-இல் அது ஊசி குத்தியது போல ஒரே புள்ளி, சுற்றிலும் மூக்கின் தோல் தனியாகத் தெரிந்தது. எஃப் 16-இல் அதே புள்ளி மாவு ஒட்டியது போலப் பரவியிருந்தது.

ஒளி சின்ன ஓட்டை வழியாகப் போகும்போது விரிந்துவிடும், அதுதான் காரணம். என்லார்ஜரில் இந்த விரிவு, பெரிதாக்கும் அளவோடு சேர்ந்து பெருகும். 8 மடங்கில் எஃப் 8 என்றால், பேப்பரைப் பொறுத்தவரை அது (பெரிதாக்கலோடு ஒன்றைக் கூட்டி) 9 மடங்கான எஃப் 72. பேப்பர் அதிகம் உணரும் நீல ஒளிக்குக் கணக்குப் போட்டால், ஒரு புள்ளி பேப்பரில் விழும் வட்டம் எஃப் 8-இல் சுமார் 0.08 மி.மீ., எஃப் 11-இல் 0.11, எஃப் 16-இல் 0.16. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் நல்ல கண் 0.1 மி.மீ.க்குப் பக்கத்தில் பிரித்தறியும். ஆக எஃப் 11 எல்லைக்கோடு, எஃப் 16 தாண்டிவிட்டது. இதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் எஃப் 16-இல் இப்படித்தான்.

80 விநாடிக்கு இன்னும் சில எதிரிகள் உண்டு. விளக்குச் சூட்டில் நெகட்டிவ் மெல்ல வளையத் தொடங்கி, எக்ஸ்போஷரின் நடுவில் சட்டென்று உப்பிக்கொள்ளும். முதல் சில விநாடிக்கு ஒரு ஃபோக்கஸ், மிச்சத்துக்கு வேறு ஃபோக்கஸ். தண்ணீர் லாரி ஒன்று தெருவைத் தாண்டினால் எங்கள் வீட்டில் பேப்பரைப் பிடித்துவைக்கும் சட்டமான ஈசலே அதிரும். 20 விநாடிக்குள் லாரி வராமலிருக்க வாய்ப்பு உண்டு, 80 விநாடியில் அந்த வாய்ப்பு குறைவு. நீண்ட எக்ஸ்போஷரில் பேப்பரும் கணக்குப்படி நடப்பதில்லை. மங்கிய வெளிச்சத்தை நெடுநேரம் கொடுத்தால் அதன் வேகம் கொஞ்சம் குறைகிறது. எங்கள் 80 விநாடி பிரிண்ட் 20 விநாடி பிரிண்டைவிட ஒரு பொட்டு வெளிறியே வந்தது.

டாட்ஜிங்கிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இதை அதிகம் யாரும் சொல்வதில்லை. லென்ஸின் திறப்புதான் பேப்பருக்கு விளக்கு. விளக்கு சின்னதானால் நிழலின் ஓரம் வெட்டினாற்போல விழும். டாட்ஜ் செய்யும் அட்டையை லென்ஸுக்கும் பேப்பருக்கும் நட்டநடுவில் பிடித்தால், நிழல் ஓரத்தின் மங்கல் திறப்பின் விட்டத்துக்குச் சமம். 50 மி.மீ. லென்ஸுக்கு அது எஃப் 4-இல் 12 மி.மீ.க்கு மேல், எஃப் 8-இல் 6, எஃப் 16-இல் வெறும் 3. எஃப் 16 பிரிண்டில் அந்த அம்மாவின் தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் விழுந்தது இதனால்தான். கையை எவ்வளவு ஆட்டியும் முழுதாகப் போகவில்லை.

ஆக இரண்டு ஓரங்களும் கழிந்தன. உண்மையான போட்டி எஃப் 5.6-இல் 10 விநாடிக்கும் எஃப் 8-இல் 20 விநாடிக்கும்தான்.

கூர்மையில் இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. முழுத் திறப்பிலிருந்து இரண்டு ஸ்டாப் மூடினால் லென்ஸ் தன் சிறந்த நிலைக்கு வந்துவிடும் என்பது பழைய வழக்கு, எஃப் 2.8 லென்ஸுக்கு அது எஃப் 5.6. மூலைகளும் வளைந்த நெகட்டிவும் எஃப் 8-இல் கொஞ்சம் நிம்மதி. மூன்று, நான்கு கண்ணாடிகள் மட்டும் உள்ள எளிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், எஃப் 8-க்குப் போய்விடுங்கள். மூலை இன்னும் கலங்கினால் எஃப் 11. அந்த வகை லென்ஸில் மூடும்போது ஃபோக்கஸே லேசாக நகர்வதும் உண்டு. அதனால் முழுதாகத் திறந்து ஃபோக்கஸ் செய்தபின், வேலை செய்யப்போகும் அப்பர்ச்சரில் ஒருமுறை கிரெயின் ஃபோக்கஸரில் (கிரெயினைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில்) பார்த்துவிடுங்கள்.

கூர்மை முடிவு சொல்லாதபோது கை சொல்லட்டும். என் தீர்ப்பு இதுதான்: முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள், அப்பர்ச்சர் பின்னால் வரட்டும். இந்த நெகட்டிவுக்கு 5 விநாடி டாட்ஜ் வேண்டும், கையை உள்ளே கொண்டுபோய் வெளியே எடுக்க அமைதியும் வேண்டும், ஆகவே 20 விநாடி, ஆகவே எஃப் 8. எதையும் டாட்ஜ் செய்ய வேண்டாத, சமமான வெளிச்சத்தில் எடுத்த குடும்பப் படம், சொந்தக்காரர்களுக்கு 30 பிரதி வேண்டும் என்றால் எஃப் 5.6-இல் 10 விநாடிதான் நல்லது. மே மாதத்தில் மூடிய அறைக்குள் 30 பிரிண்ட் போட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் 10 விநாடியின் அருமை தெரியும். நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வைத் துளி ஈசலில் இருக்கும் பேப்பரில் விழுந்தால் அந்தத் தாள் போயிற்று.

நெகட்டிவ் மெலிசாக, அதாவது கறுப்பு குறைவாக, இருந்து எஃப் 8-இலேயே 6 விநாடிதான் வருகிறது என்றால் எஃப் 11 வரை மூடலாம். அதற்கு மேல் மூடுவதைவிடக் குறைந்த வாட் பல்பு போடுவதோ, ஃபில்டர் டிராயரில் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் நிற என்டி ஃபில்டர் செருகுவதோ மேல். நெகட்டிவ் கனமாக இருந்து ஒரு நிமிடத்தைத் தாண்டினால் தயங்காமல் எஃப் 5.6-க்குத் திறந்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி: பிரிண்ட் கொஞ்சம் கறுப்பாக வந்துவிட்டது, அப்பர்ச்சரை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா? நேரத்தைத்தான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஜார்ஜ் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் நாள் முழுக்கப் பிரிண்ட் போட்டவர். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பர்தான் அவருக்குப் பழக்கம். காலையில் ஒருமுறை அப்பர்ச்சர் வளையத்தை வைத்தாரென்றால் கடை மூடும்வரை அதைத் தொட மாட்டார். "வளையத்துல ரெண்டு கிளிக் நடுவுல என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது, லென்ஸுக்கும் தெரியாது. கடிகாரத்துக்குத் தெரியும்" என்பார். பழைய லென்ஸ்களில் கிளிக்குகள் எண்ணில் சொன்னபடி துல்லியமாக இருப்பதில்லை. எஃப் 8-இலிருந்து 11-க்குப் போய்த் திரும்ப 8-க்கு வந்தால் அதே இடத்தில்தான் நிற்கிறதா என்பதும் சந்தேகம். 20 விநாடியை 17 ஆக்கினால் என்ன செய்தோம் என்று நமக்குத் தெரியும்.

நேரத்தை எப்படி மாற்றுவது என்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (ஒரே தாள் துண்டில் பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் கொடுத்துப் பார்ப்பது) 5, 10, 15, 20, 25 என்று ஐந்தைந்தாக ஏற்றுவதுதான் பெரும்பாலானோர் வழக்கம். இதில் முதல் படி 5-இலிருந்து 10, ஒரு முழு ஸ்டாப். கடைசிப் படி 20-இலிருந்து 25, ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஸ்ட்ரிப்பின் ஒரு முனையில் குன்றும் இன்னொரு முனையில் சமவெளியுமாக இருக்கும். கறுப்புப் பக்கத்துப் பட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவே முடியாது. இன்னொரு வழி, பெருக்கிக்கொண்டே போவது: 8, 11.3, 16, 22.6, 32. ஒவ்வொரு படியும் சரியாக அரை ஸ்டாப். எந்த இரண்டு பட்டைக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவு. நான் இரண்டாவது வழிக்கு மாறிப் பல வருடம் ஆகிறது, திரும்பப் போக மாட்டேன். 16-க்கும் 22.6-க்கும் நடுவில் வேண்டும் என்று தோன்றினால் 19 என்று உடனே கை வைக்கலாம்.

எனக்கு இது சுலபமானதற்கு வீட்டில் கேட்ட பாட்டும் காரணம். அக்கா பாட்டு கிளாஸ் போன காலத்தில் கூடத்தில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு லகு, இரண்டு த்ருதம், மொத்தம் எட்டு அட்சரம். விநாடிக்கு ஓர் அட்சரம் வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி. இரண்டு ஆவர்த்தனம் 16, நான்கு 32. ஒவ்வொன்றும் ஒரு முழு ஸ்டாப்! இரண்டு கையும் அட்டையில் மாட்டியிருக்கும்போது டைமர் முள்ளைப் பார்க்க முடியாது. மெட்ரோனோமை 60-இல் ஓடவிட்டுக் காலால் தாளம் போட்டபடி, லகு முடிந்ததும் அட்டையை உள்ளே கொண்டுபோவேன். நான்கு என்று எண்ணுவதைவிடத் தாளத்தின் இடம் உடம்புக்குத் தெரிவது நிச்சயமானது.

டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் ஒன்று கவனியுங்கள். 5 விநாடியாக நான்கு முறை விளக்கைப் போட்டு அணைப்பதும், ஒரே மூச்சில் 20 விநாடி கொடுப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் பல்பு சூடேறும் கணம் இடையில் போகிறது. இதற்கு நான் செய்வது: கறுப்பு அட்டையை லென்ஸுக்குக் கீழே பிடித்துக்கொண்டு விளக்கைப் போட்டு, சில விநாடி விட்டு, பிறகு அட்டையை எடுத்து எண்ணத் தொடங்குவது. பல்பும் நிலைக்கு வந்துவிடும், நெகட்டிவும் உப்ப வேண்டியதை உப்பி முடித்துவிடும்.

இனி மின்சாரம். சென்னையில் பிரிண்ட் போடுகிறவர்கள் இதை அப்பர்ச்சருக்குச் சமமாக மதிக்க வேண்டும். சாதாரண இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராக ஏறி இறங்குவதில்லை, அதைவிட வேகமாக மாறும். 230 வோல்ட் 207-க்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். அது அரை ஸ்டாப்! மே மாத ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குக் குடியிருப்பில் எல்லா வீட்டு ஏசியும் ஓடத் தொடங்கும் நேரத்தில் நான் இதை அனுபவித்திருக்கிறேன். ஏழு மணிக்கு அச்சாக வந்த 20 விநாடி, பத்து மணிக்குச் சோகையாக வந்தது. டெவலப்பர் (பேப்பரில் படத்தை வரவைக்கும் ரசாயனக் கரைசல்) செத்துவிட்டது என்று புதிதாகக் கலக்கி, அதுவும் அப்படியே வர, பேப்பர் கெட்டுவிட்டதோ என்று புது உறையைப் பிரித்து, கடைசியில்தான் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் இறங்கினால் பல்பு மஞ்சளடிக்கும், நீலம் இன்னும் அதிகமாகக் குறையும். மல்டிகிரேடு பேப்பர் நீலத்தையும் பச்சையையும் வைத்துத்தான் கான்டிராஸ்டை முடிவு செய்கிறது என்பதால் படம் வெளிறுவதோடு தட்டையாகவும் ஆகும்.

ஸ்டெபிலைசர் வைப்பதென்றால் ரிலே வகையா, சர்வோ வகையா என்று கேட்டு வாங்குங்கள். ரிலே வகை படிப்படியாகத் தாவும். எக்ஸ்போஷர் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். சர்வோ வகை நின்று நிதானமாகச் சரிசெய்யும். என்லார்ஜர் பல்பு ஒன்றுக்குச் சின்னதே போதும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் கிடைக்கும். எல்இடி பல்புக்கு மாறிய நண்பர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் ஒளியில் நீலம் வேறு விதமாக இருப்பதால் ஃபில்டர் கிரேடுகள் பழையபடி வராது, முதலிலிருந்து டெஸ்ட் போட வேண்டும்.

டெவலப்பர் சூட்டையும் பாருங்கள். டப்பாவில் 20 டிகிரிக்கு ஆர்சி பேப்பர் ஒரு நிமிடம் என்று போட்டிருப்பான், நம் குழாயில் கோடையில் 30-க்கு மேல் வரும். பெரிய டிரேயில் ஐஸ் தண்ணீர் விட்டு அதற்குள் டெவலப்பர் டிரேயை வைத்து 24-இல் நிறுத்தி, எப்போதும் அதே 24-இல் வேலை செய்தாலே போதும். சூடு மாறிக்கொண்டே இருந்தால், எக்ஸ்போஷர் சரியா தவறா என்று சொல்லவே முடியாது.

பெரிய பிரிண்டுக்குப் போகும்போது எஃப் 8-ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். தம்பிக்குக் காசிமேடு படத்தை 12க்கு 16-இல் பார்க்க ஆசை. பெரிதாக்கல் 8-இலிருந்து 12 மடங்காகிறது. இரண்டோடும் ஒன்றைக் கூட்டி, 13-ஐ 9-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்தால் இரண்டுக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப். எஃப் 8-லேயே நின்றால் 42 விநாடி, மூக்குத்திப் புள்ளியின் வட்டமும் 0.11 மி.மீ. ஆகிவிடும். எஃப் 5.6-க்குத் திறந்தால் வட்டம் பழைய 0.08-இலேயே நிற்கும், நேரமும் 21 விநாடியாக நிற்கும், கைக்குப் பழகிய அதே தாளத்தில் டாட்ஜ் செய்யலாம். கண்ணாடி கேரியருக்கு மாறுவதும் இந்த அளவில்தான் பலன் தரும். தூசி துடைக்க நான்கு பக்கம் கூடுதலாகிறது, ஈரக்காற்று நாளில் வானத்தில் நியூட்டன் வளையங்கள் (கண்ணாடியும் ஃபிலிமும் ஒட்டும் இடத்தில் தோன்றும் வளையங்கள்) விழும், அதனால் மேல் கண்ணாடியாவது சொரசொரப்பான ஆன்டி-நியூட்டன் வகையாக இருக்கட்டும்.

அந்தப் பெரிய பிரிண்டை பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பரில் போட்டோம். ஃபைபர் காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கும், அதற்காகப் பத்தில் ஒரு பங்கு குறைத்து எஃப் 5.6-இல் 19 விநாடி. முகத்துக்கு லகு முடிந்ததும் உள்ளே போய் 5 அட்சரம் டாட்ஜ், வானத்துக்குப் பிறகு ஓர் ஆவர்த்தனம் பர்ன் (கூடுதல் வெளிச்சம்). முதல் தாளைத் தம்பி டாட்ஜ் செய்தார், கை ஓரிடத்தில் நின்றுவிட்டதில் முக்காட்டின் ஓரம் வெளுத்தது. இரண்டாவதில் நிற்கவில்லை. காலையில் மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டிருந்த தாளைக் கழற்றி, பூதக்கண்ணாடியைத் தேடாமல், கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தோம். மூக்குத்தி ஒரு புள்ளியாகவே இருந்தது.